சாண்ட்லர்: வாய்க்காலுக்குப் பின்னால் வந்த ஊர்

"வேலை மாறி சாண்ட்லர் வருகிறோம். எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடம், அலுவலகத் தூரம், இந்தியக் கடை எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதன்பிறகு நான் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். கேட்பவருக்கு முதலில் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். ஆனால் அரிசோனாவில், ஃபீனிக்ஸைச் சுற்றிப் படர்ந்திருக்கும் இந்தப் பாலைவனப் புறநகர்களில், தண்ணீர் எப்படி வந்தது, யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று தெரியாமல் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டையும் நன்றாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே குடும்பம் நடத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

ஃபீனிக்ஸில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 18 சென்டிமீட்டர். சென்னையில் ஒரே நாளில் அதற்கு மேல் கொட்டியது உண்டு. அப்படிப்பட்ட வறண்ட நிலத்தில், 1980இல் 29,673 பேர் இருந்த சாண்ட்லரில் 2020 கணக்கெடுப்பின்போது 2,75,987 பேர் இருந்தார்கள். பக்கத்து ஊரான கில்பர்ட் இன்னும் வேகம்: அதே நாற்பது ஆண்டில் 5,717இலிருந்து 2,67,918. இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, வந்து இறங்கும் முதல் நாளிலேயே யாருக்கும் எழ வேண்டும். பெரும்பாலும் எழுவதில்லை. குழாயைத் திறந்தால் வருகிறது, அவ்வளவுதான்.

வடக்கே சால்ட் ஆறு, தெற்கே ஹீலா ஆறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சமவெளியில்தான் சாண்ட்லர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆறுகளிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்த ஒரு மக்கள் கூட்டம் இங்கே இருந்தது. ஆய்வாளர்கள் அவர்களை ஹோஹோகாம் என்கிறார்கள். இரும்புக் கருவி கிடையாது, மாடு குதிரை கிடையாது; கல்லையும் கம்பையும் வைத்தே வெட்டிய வாய்க்கால்கள். 1450 வாக்கில் அந்த வாழ்க்கை ஓய்ந்தது. பக்கத்து ஊரான மேசாவில் இதற்கென்றே உள்ள ஒரு பூங்காவில் அந்த வாய்க்கால்களின் தடத்தை இன்றும் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய இடம்.

அவர்களின் வழிவந்த அமெரிக்கப் பூர்வகுடிகளான ஆக்கிமெல் ஓஓதாம் மக்கள் ஹீலா ஆற்றை நம்பி விவசாயம் செய்தவர்கள். 1849இல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் போன கூட்டத்துக்கே கோதுமை விற்றவர்கள். அப்புறம் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய விவசாயிகள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கீழே ஆறு வறண்டு, வயிறார உண்டு பிறருக்கும் விற்ற ஒரு சமூகம் பட்டினி கிடந்தது. நான் காவிரிக் கடைமடைப் பகுதியில் பிறந்தவன். தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்கால் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன். ஹீலா ஆற்று மக்களின் கதையைப் படித்தபோது அதை வேறு நாட்டுக் கதையாக என்னால் நினைக்க முடியவில்லை.

அவர்களுடைய நிலம், ஹீலா ரிவர் இந்தியன் கம்யூனிட்டி, சாண்ட்லரின் தென்மேற்கு எல்லையை ஒட்டியே இருக்கிறது. தெற்கே மாரிகோபா என்ற ஊரில் இருக்கும் மகா கணபதி கோயிலுக்குப் போகும் சாண்ட்லர்த் தமிழர்கள் எல்லாரும் அந்த நிலத்தைக் கடந்துதான் போகிறோம். வழியில் கண்ணுக்கு எட்டியவரை திறந்த வெளியும் வயலும் தெரியும். "ஏன் இங்கே யாரும் வீடு கட்டவில்லை?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். காலி மனை இல்லை, அது இன்னொரு அரசு, இன்னொரு மக்களின் வீடு என்பதை அந்தக் காரிலேயே சொல்லிவிடுவது நல்லது. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய தண்ணீர் உடன்படிக்கைச் சட்டம் அவர்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீர் உரிமையை உறுதி செய்தது. ஓர் ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளக் கால்வாயில் வரும் தண்ணீரில் தனியொரு தரப்பாக அதிக உரிமை உள்ளவர்கள் இன்று அவர்கள்தான். 2024இல் தங்கள் பாசனக் கால்வாய் ஒன்றின் மேல் சூரியத் தகடுகள் பொருத்தி, அமெரிக்காவில் அந்த வேலையை முதலில் செய்து காட்டியவர்களும் அவர்கள்தான்.

சரி, சாண்ட்லர் என்பது யார்? கனடாவில் பிறந்த ஒரு கால்நடை மருத்துவர், அலெக்ஸாண்டர் ஜான் சாண்ட்லர். அரிசோனா இன்னும் மாநிலமாகாத 1887இல், அந்தப் பிரதேசத்தின் முதல் அரசுக் கால்நடை மருத்துவராக வந்தார். மாட்டு வைத்தியம் பார்க்க வந்தவர் தண்ணீர்ப் பாசனத்தில் இறங்கிவிட்டார். 1891இல் மேசாவுக்குத் தெற்கே 80 ஏக்கர் வாங்கினார். கால்வாய் நிறுவனம் தொடங்கினார். 1900க்குள் 18,000 ஏக்கருக்குச் சொந்தக்காரர். ஆள் ஆளாகப் பணம் கொடுத்து அரசு நிலத்துக்கு விண்ணப்பிக்க வைத்து, பிறகு அவர்களிடமிருந்து தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அந்த முறை சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1911இல் சால்ட் ஆற்றின் மேல் ரூஸ்வெல்ட் அணை முடிந்தபோது ஒரு விதி அவரை மடக்கியது: அரசு கட்டிய அணையிலிருந்து ஒருவர் 160 ஏக்கருக்குத்தான் தண்ணீர் வாங்கலாம். பெரிய பண்ணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துண்டு போட்டு விற்றார். 1912 மே 17 அன்று மனை விற்பனை அலுவலகம் திறந்தது. ஊர் பிறந்தது அன்றைக்குத்தான். 1920இல் நகராட்சி ஆனபோது முதல் மேயரும் அவரே.

அவர் கட்டிய சான் மார்கோஸ் ஹோட்டல் 1913இல் திறந்தது. இன்றைக்கும் டவுன்டவுனில் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சுற்றிய பழைய கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னால் தூண்கள் வைத்த நீண்ட தாழ்வாரம் ஓடும். மதியம் மூன்று மணிக்கும் நிழலிலேயே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போய்விடலாம். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் திட்டமிட்ட ஊர் அது. அறுபது எழுபது ஆண்டு கழித்துக் கட்டிய பெரிய வணிக வளாகங்களில், காரை நிறுத்திவிட்டு வெயிலில் நூறு அடி நடந்துதான் கதவைத் தொட வேண்டும். பழையவர்களுக்குத் தெரிந்தது பிறகு வந்தவர்களுக்கு மறந்துபோயிற்று என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வீடு பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியதும் நிழல்தான். நம்மவர்கள் கிழக்குப் பார்த்த வாசல் கேட்பார்கள். வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கை யோசித்துப் பாருங்கள்: வாசல் கிழக்கே என்றால் பின்புறம் மேற்கே. இங்கே பெரிய கண்ணாடிக் கதவுகள், கூடம், சமையலறை, உட்கார்ந்து காற்று வாங்கும் இடம் எல்லாம் பின்புறத்தில்தான் இருக்கும். ஜூலை மாத மாலை வெயில் நேராக அடுப்படிக்குள் இறங்கும். கிழக்கு வாசல்தான் வேண்டும் என்றால், பின்புறத் தாழ்வாரம் ஆழமாக இருக்கிறதா, மேற்குச் சுவரை மறைக்க மரம் வைக்க இடம் இருக்கிறதா, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வெயில் தடுப்புத் திரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டை ஜனவரியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் கோடையில், மாலை நான்கு மணிக்குப் போய், மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரகர் சொல்லாததை அந்தச் சுவர் சொல்லும்.

வெயில் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் அடித்தது. 2024இல் தொடர்ந்து 113 நாள் 100 டிகிரிக்குக் குறையவில்லை. ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் (மாவட்டத்தில்) 2023இல் மட்டும் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். வீட்டுக்குள் இறந்தவர்களும் அதில் உண்டு. பெரும்பாலும் ஏசி ஓடாத வீடுகள். அதனால் ஏசியை ஏப்ரலிலேயே ஆள் வைத்துச் சோதித்துவிடுங்கள். ஜூலையில் கெட்டால் மெக்கானிக் வர நாளாகும். வீட்டுக்கு ஒரே ஏசி என்றால், அறையில் வைக்கும் சிறிய ஏசி ஒன்றை வாங்கிக் கராஜில் வைத்திருப்பது வீண் செலவு இல்லை. முக்கியமாகக் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில். மின்சாரத்துக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட திட்டத்தில் சேர்ந்தால், விலை ஏறும் மாலை நேரத்துக்கு முன்பே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அந்தச் சில மணி நேரம் ஏசியைத் தளர்த்தி, துணி துவைப்பதையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் இரவுக்குத் தள்ளிவைக்கிறோம். பில்லில் நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. தோட்டக் குழாயில் வெயிலில் கிடந்த முதல் தண்ணீர் குழந்தையின் கையை வேகவைத்துவிடும். கொஞ்சம் ஓடவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கார் பேட்டரி இங்கே சீக்கிரம் செத்துப்போகும். காரில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். நீச்சல்குளம் உள்ள வீடு என்றால் வேலியும், தானாக மூடித் தாழிடும் கதவும் இல்லாமல் குடியேறவே கூடாது. குளத்தில் மூழ்கும் குழந்தைகளின் செய்தி வராத கோடையே இங்கே இல்லை.

பெற்றோரை அழைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மற்ற ஊர்களில் இருப்பவர்கள் குளிருக்குப் பயந்து அம்மா அப்பாவை மே மாதம் வரவழைப்பார்கள். நாங்களும் அந்த வழக்கப்படி ஒருமுறை கோடையில் அழைத்தோம். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தெருவில் ஒரு காக்கா குருவிகூடக் காணோம். இங்கே மனுஷங்க குடியிருக்காங்களா?" என்றார். அக்டோபர் கடைசியில் அழைத்தால் கதையே வேறு. மாலையில் வாய்க்கால் கரையில் நடக்கலாம், பூங்காவில் நம் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள், மார்கழியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து காபி குடிக்கலாம். அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை. இதை மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அவர்கள் ஊர் திரும்பும்போது இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். இங்கே மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதியோடு அதன் வித்துகள் நுரையீரலுக்குள் போனால் வருவது பள்ளத்தாக்குக் காய்ச்சல். இங்கே எல்லாரும் வேலி ஃபீவர் என்பார்கள். அமெரிக்காவில் பதிவாகும் இந்த நோயில் பெரும் பங்கு அரிசோனாவில்தான். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், சோர்வு. எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே தோன்றக்கூடும். ஊரில் இருக்கும் டாக்டருக்கு அரிசோனா நினைவுக்கு வர வாய்ப்பே இல்லை. "நான் அரிசோனாவில் சில மாதம் இருந்தேன், அங்கே இப்படி ஒரு பூஞ்சை நோய் உண்டு" என்று அவர்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்களும், இருமல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்கான ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

புழுதி என்றதும் ஊரின் பழைய தொழில்கள் நினைவுக்கு வருகின்றன. இந்த மண் முழுக்க வயலாக இருந்தது. கில்பர்ட், ரயிலில் வைக்கோல் கட்டுகளை ஏற்றி அனுப்புவதில் உலகத் தலைநகரம் என்று 1920களின் கடைசிவரை பெயர் பெற்றிருந்த ஊர். சாண்ட்லர் முதலில் வாழ்ந்தது அல்ஃபால்ஃபா தீவனப்புல்லிலும் நெருப்புக்கோழியிலும். பெண்களின் தொப்பிகளில் இறகு செருகும் நாகரிகம் இருந்தவரை நெருப்புக்கோழி இறகுக்கு நல்ல விலை. நாகரிகம் மாறியது, தொழில் படுத்தது. 1989இலிருந்து நடக்கும் நெருப்புக்கோழித் திருவிழாவில் அந்த நினைவு மிஞ்சியிருக்கிறது. அடுத்து பருத்தி. முதல் உலகப்போரில் எகிப்திலிருந்து வந்த நீள இழைப் பருத்தி தடைபட்டதும், டயருக்கு நூல் வேண்டி குட்இயர் நிறுவனம் சாண்ட்லருக்குத் தெற்கே நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தது. அந்தப் பருத்திக்குப் பீமா என்று பெயர் வந்தது, சக்காட்டனில் இருந்த அரசு ஆய்வுப் பண்ணையில் அதை வளர்க்க உழைத்த ஓஓதாம் மக்களைக் குறித்துத்தான். வெளியார் அவர்களைப் பீமா என்று அழைத்தார்கள். கடையில் விலை அதிகமாகப் போட்டு விற்கும் பீமா காட்டன் சட்டைக்குப் பின்னால் இந்த மண் இருக்கிறது. போர் முடிந்து 1920இல் விலை சரிந்தபோது விவசாயிகள் பலர் மூழ்கிப்போனார்கள். பருத்தி எடுக்க வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் இங்கேயே தங்கின. அவர்களுக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கும் ஊரின் தெற்குப் பகுதிதான் ஒதுக்கப்பட்டது. 1967இல் முகமது அலியோடு மோதிய ஹெவிவெயிட் வீரர் ஜோரா ஃபோலி அந்தச் சாண்ட்லர்க்காரர். பின்னால் நகர மன்றத்திலும் இருந்தார். அவர் பெயரில் பூங்கா இருக்கிறது.

டாக்டர் சாண்ட்லரின் கதை முடிந்த விதம் மனதைத் தொடும். 1920களின் முடிவில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டை அழைத்து, மலையடிவாரத்தில் பிரம்மாண்டமான இன்னொரு ஹோட்டலுக்கு வரைபடம் போட வைத்தார். ரைட்டும் ஆட்களோடு வந்து பாலைவனத்தில் முகாம் அமைத்து வேலை பார்த்தார். 1929 பங்குச்சந்தைச் சரிவில் எல்லாம் நின்றது. சான் மார்கோஸும் கைவிட்டுப் போனது. அதன் பக்கத்திலேயே ஒரு சிறிய வீட்டில் இருந்து 1950இல் காலமானார். அந்த வருடம் ஊரின் மக்கள்தொகை சுமார் 3,800.

போர்க்காலம் இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தது. 1941இல் கிழக்கே வில்லியம்ஸ் விமானப்படைத் தளம். அது 1993இல் மூடப்பட்டு இப்போது பயணிகள் விமான நிலையம். மேசாவின் தென்கிழக்கிலும் கில்பர்ட்டின் கிழக்கிலும் வீடு வாங்குபவர்கள் விமானப் பாதை எங்கே என்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, 1942இல் ஹீலா ஆற்று மக்களின் நிலத்தில், அவர்கள் எதிர்த்தும் கேளாமல் அமைத்த ஜப்பானிய அமெரிக்கர் தடுப்பு முகாம். உச்சத்தில் 13,000 பேருக்கு மேல், குற்றம் ஒன்றும் செய்யாத குடும்பங்கள். சாண்ட்லரில் நொசோமி பூங்கா என்று ஒன்று அவர்கள் நினைவாக இருக்கிறது. அண்மைக் காலத்துக் கதையும் ஒன்று உண்டு. 1997 ஜூலையில் சாண்ட்லர் போலீசும் எல்லைக் காவல் படையும் சேர்ந்து ஐந்து நாள் தெருவில் தோலின் நிறம் பார்த்து ஆட்களை நிறுத்தி ஆவணம் கேட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களில் அமெரிக்கக் குடிமக்களும் இருந்தார்கள். வழக்கு நடந்து நகராட்சி இழப்பீடு கொடுத்தது. நம்மைப் போல் விசாவில் வந்து வாழ்கிறவர்கள், ஊரின் நல்ல பள்ளிகளையும் சுத்தமான தெருக்களையும் தெரிந்துகொள்வதோடு இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சாண்ட்லர் அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

தமிழர்கள் இங்கே வந்து சேர்ந்த கதை சிலிக்கான் சில்லுகளோடு தொடங்குகிறது. 1980இல் இன்டெல் சாண்ட்லரில் ஆலை திறந்தது. மோட்டரோலாவும் இங்கே பெரிதாக இருந்தது. மைக்ரோசிப்பின் தலைமையகம் இங்கேதான். 2021இல் ஓகோட்டியோ வளாகத்தில் 20 பில்லியன் டாலரில் இரண்டு புதிய ஆலைகளை இன்டெல் அறிவித்தது. டயருக்குப் பருத்தி விளைந்த அதே தெற்குப் பகுதிதான் அது. சில்லு ஆலைக்கு மிகச் சுத்தமான தண்ணீர் ஏராளமாக வேண்டும். பாலைவனத்தில் இதற்கு எப்படி இடம் கொடுத்தார்கள் என்று எனக்கும் கேள்வி இருந்தது. ஆலை பயன்படுத்திய தண்ணீரைச் சுத்தப்படுத்தி நிலத்தடிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. ஊரின் கழிவுநீரும் சுத்திகரிக்கப்பட்டு பூங்கா, கோல்ஃப் மைதானம், தெருவோர மரங்களுக்குப் போகிறது. ஊதா நிறக் குழாயும் ஊதா நிற மூடியும் பார்த்தால் அது மறுசுழற்சித் தண்ணீர். குழந்தைகளுக்கு அந்த நிறத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அதைக் குடிக்கக் கூடாது. வெட்டரன்ஸ் ஒயாசிஸ் பூங்காவில் நிலத்தடிக்கு நீர் இறக்கும் குளங்களைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். கொக்கும் நாரையும் வரும்.

ஊரின் பழைய பகுதிகள் சிலவற்றில் இன்னும் மடைப் பாசனம் உண்டு. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாய்க்கால் தண்ணீர் வீட்டுத் தோட்டத்துக்கு வரும். நேரத்தை முன்கூட்டியே குறித்துத் தருவார்கள். அது இரவு இரண்டு மணியாகவும் இருக்கலாம். எழுந்து போய் மடையைத் திறந்து, தோட்டம் கணுக்கால் அளவு நிரம்பியதும் மூட வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் இருக்கும் நண்பர் வீட்டில் அதைப் பார்த்தபோது, என் தாத்தா முறைத் தண்ணீருக்குக் கூப்பிட்டால் மண்வெட்டியோடு இருட்டில் போவது கண்ணில் வந்தது. தோட்டம் போட ஆசை உள்ளவர்கள் இந்தத் தெருக்களைத் தேடிப் பாருங்கள். பெரிய மரங்கள் நின்று, தெருவே குளிர்ச்சியாக இருக்கும்.

மற்ற இடங்களில் கடப்பாரை வேண்டும். தோண்டினால் ஓரிரு அடியில் சுக்கான் பாறை தட்டும். குழி வெட்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் மரத்துக்கு ஆகாது. பாறையை உடைத்து வழி விட வேண்டும். முருங்கை இங்கே அற்புதமாக வரும். கறிவேப்பிலைக்கு ஜனவரிப் பனிதான் எதிரி. தெற்குச் சுவரை ஒட்டி வைத்து, பனி இறங்கும் இரவில் பழைய போர்வையால் மூடிவிட வேண்டும். தக்காளியைப் பிப்ரவரியிலேயே நட்டுவிட வேண்டும், ஜூன் வந்தால் பூ உதிரும், காய் பிடிக்காது. கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை வெயிலைத் தாங்கும். பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற இந்த மண்ணின் மரங்களுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடாதீர்கள். வேர் மேலேயே நின்றுவிடும். ஆடிக் காற்றில் மரம் சாயும்.

அந்தக் காற்று ஜூலை, ஆகஸ்டில் வரும் பருவமழையோடு வருவது. சில நாள் மாலையில் தெற்கிலிருந்து புழுதிச் சுவர் எழுந்து வரும். 2011 ஜூலை 5 அன்று வந்தது ஏறக்குறைய ஒரு மைல் உயரம். வண்டி ஓட்டும்போது மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுக்க ஒதுங்கி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார். மழைக்குப் பிறகு தெருவில் வெள்ளம் ஓடும் பள்ளங்களை வண்டியில் கடக்க முயலாதீர்கள். தடுப்பைத் தாண்டிப் போய்ச் சிக்கினால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்கும் சட்டம் அரிசோனாவில் இருக்கிறது. மழை முடிந்ததும் கிரியோசோட் புதர்களிலிருந்து ஒரு வாசனை எழும். அதற்காக நான் வாசலில் போய் நிற்பேன்.

சாண்ட்லரில் இப்போது காலி நிலம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வீட்டு விலை ஏறியதால் இளம் குடும்பங்கள் க்வீன் கிரீக், மாரிகோபா, சான் டான் வேலி என்று வெளியே போகின்றன. சாண்ட்லர்ப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. இங்கேதான் தண்ணீர்க் கேள்வி கூர்மையாகிறது. 1980ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதுக் குடியிருப்பு போடுபவர் நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். சாண்ட்லர் நகராட்சிக்கு ஊர் முழுமைக்கும் அந்த உறுதி இருக்கிறது. சால்ட் ஆறு, கொலராடோ ஆறு, நிலத்தடி, மறுசுழற்சி என்று பல வழிகளும் இருக்கின்றன. 2021இல் கொலராடோ ஆற்றுக்குப் பற்றாக்குறை அறிவித்தபோது முதலில் அடிபட்டவர்கள் தெற்கே அடுத்த மாவட்டமான பினால் கவுண்டி விவசாயிகள். 2023 ஜூனில் மாநில அரசு, நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் போடும் புதுக் குடியிருப்புகளுக்கு இனி அனுமதி இல்லை என்றது. அதே 2023 ஜனவரியில், ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த தண்ணீரை ஸ்காட்ஸ்டேல் நகராட்சி நிறுத்தியது. பெரிய பெரிய வீடுகள், குழாயில் தண்ணீர் இல்லை. அங்கே நூறு ஆண்டு விதி ஏன் காப்பாற்றவில்லை என்றால், ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்து விற்றால் அந்த விதி பொருந்தாது.

க்வீன் கிரீக் நகராட்சி, மாநிலத்தின் மேற்கு எல்லையில் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் சிபோலாவில் ஒரு பண்ணையின் தண்ணீர் உரிமையை வாங்கி, ஆண்டுக்கு 2,000 ஏக்கர்-அடிக்கு மேல் கால்வாய் வழியாகக் கொண்டுவருகிறது. அந்த ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. க்வீன் கிரீக்கில் வாங்கக் கூடாது என்று யாரிடமும் சொல்வதில்லை. என் மைத்துனன் குடும்பமே அங்கேதான் இருக்கிறது. வெளிப் புறநகரில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நான்கைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்: தண்ணீர் தருவது நகராட்சியா, தனியார் நிறுவனமா, கிணறா; நூறு ஆண்டு உறுதி ஊருக்கு இருக்கிறதா, இந்தக் குடியிருப்புக்கு மட்டும் இருக்கிறதா; இந்த மனை எத்தனை மனையாகப் பிரித்ததில் ஒன்று; கிணறு என்றால் ஆழம் எவ்வளவு, சுற்றியிருக்கும் கிணறுகளில் மட்டம் எப்படி இறங்கியிருக்கிறது. இந்த விவரங்களில் பெரும்பாலானவை மாநில நீர்வளத் துறையின் பதிவேட்டில் பொதுவில் கிடைக்கும், பணம் கட்ட வேண்டியதில்லை.